மொட்டை மாடியும் அவுட்டோர் யூனிட்டும்

ஆதம்பாக்கத்து வெயிலுக்குத் தனிக் குணம் உண்டு. பெசன்ட் நகரிலும் அடையாறிலும் நண்பகலிலேயே கடல்காற்று எட்டிப் பார்த்துவிடும். அது வேளச்சேரியைக் கடந்து பரங்கிமலைப் பக்கம் வந்து சேர இன்னும் நேரமாகும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது ஊருக்குள் நுழையவே முடியாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாட்களைச் சென்னை மறப்பதில்லை. இந்தச் சூட்டோடு ஆதம்பாக்கம் அன்று எப்படி வாழ்ந்தது, இன்று எப்படி வாழ்கிறது என்று பார்த்தால், மாறியிருப்பது கருவி மட்டும் இல்லை. எதைப் பராமரிக்கிறோம் என்பதே மாறியிருக்கிறது. அன்று வீட்டைப் பராமரித்தோம். இன்று மெஷினைப் பராமரிக்கிறோம். அதையும் பாதிதான் செய்கிறோம்.

வீடு தந்த குளிர்ச்சி

அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டிய தனி வீடுகள்தான் அன்றைய ஆதம்பாக்கம். நியூ காலனி, என்.ஜி.ஓ. காலனி, பிருந்தாவன் நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் கிணறு, இரண்டு தென்னை, கம்பி போட்ட வராந்தா. அறைக்கு அறை, கூரையை ஒட்டி வென்டிலேட்டர் இருக்கும். மேலே ஏறிய சூடு அந்த வழியாக வெளியே போகும்.

அந்த வீடுகளின் உண்மையான குளிர்சாதனம் மொட்டை மாடியில் இருந்தது. காங்கிரீட் போட்ட பிறகு, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புவார்கள். சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லக் கரைசலையும் தெளித்துக்கொண்டே தட்டினால், ஜல்லி மெல்ல அமுங்கி, சுண்ணாம்புப் பால் மேலே வந்து, தளம் இறுகும். தட்டும் சத்தம் மாறுவதை வைத்தே மேஸ்திரி பதம் சொல்வார். அதற்கும் மேலே சிவப்புத் தட்டோடு பதித்து, இடுக்குகளைப் பூசி முடிப்பார்கள். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சூட்டை மெதுவாகத்தான் கீழே விடும். மழைத் தண்ணீரும் இறங்காது.

இதற்கும் பராமரிப்பு உண்டு. கோடை தொடங்குமுன் ஓட்டு இடுக்குகளைப் பார்த்து வெடிப்பை அடைப்பார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, இருட்டியதும் பாயும் தலையணையுமாக மேலே ஏறுவார்கள். வசதி உள்ளவர்கள் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து சூட்டைத் தாங்கும்படி ஆக்கின. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மே மாதப் புழுக்கத்தில் குழந்தைகளுக்கு வேர்க்குரு போட்டதும், வயதானவர்கள் துவண்டதும் அந்தக் காலத்திலும் நடந்தவைதான்.

சுவரில் ஓட்டை போட்ட காலம்

குளிரை விலைக்கு வாங்குவது சென்னைக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து ஃபிரடெரிக் டூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம்தான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். இன்றைய ஏசியின் டன் கணக்குக்கும் அடிப்படை பனிக்கட்டிதான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும். மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் மூன்றரை கிலோவாட்.

வோல்டாஸ் 1954இல் தொடங்கியது. ஆனால் ஆதம்பாக்கம் போன்ற நடுத்தர வர்க்கப் பேட்டைக்கு ஏசி வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. தொண்ணூறுகளில் வீட்டுக்கு ஒன்றாக, ஒரே ஒரு படுக்கையறையில், ஜன்னலை வெட்டியோ சுவரில் ஓட்டை போட்டோ விண்டோ ஏசி ஏறியது. கூடவே ஸ்டெபிலைசரும் வந்தது. சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் வோல்டேஜ் விழும். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று தாவும். ஏசி நின்று நின்று ஓடும்.

அந்தப் பெட்டி இரைச்சல் போடும், கரண்டைக் குடிக்கும். ஆனால் அதைப் பழுது பார்க்க முடிந்தது. மார்ச் மாதம் மெக்கானிக் வந்து இரண்டு பேராகப் பிடித்து அதைச் சட்டத்திலிருந்து உருவி, மாடியில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். மோட்டாருக்கு எண்ணெய் விடுவார். அடித்தட்டில் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிப்பார். கெப்பாசிட்டர் போனால் கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட் போனால் தெர்மோஸ்டாட். கம்ப்ரஸரே போனாலும் அதை அறுத்துத் திறந்து காயில் கட்டி மறுபடி வெல்டிங் வைக்கும் பட்டறைகள் நகரில் இருந்தன. பதினைந்து இருபது வருஷம் ஓடிய விண்டோ ஏசிகளை இந்த ஊரில் இன்றும் பார்க்கலாம்.

மூன்று அடி இடைவெளியில் ஆறு யூனிட்

தனி வீடுகளை ஜாயிண்ட் வென்ச்சரில் இடித்து ஸ்டில்ட்டும் மூன்று மாடியுமாக ஃபிளாட் எழுப்பியபோது எல்லாம் மாறியது. வேப்பமரம் போனது, மிச்சம் இருந்த மரங்களில் பலவற்றை 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்தது. ஃபிளாட்டுக்குப் பொதுச் சுவர்கள் உண்டு, எதிர் ஜன்னல் கிடையாது. காற்று ஓட வழி இல்லாத வீட்டில் ஏசி ஆடம்பரம் ஆகாது. இன்று படுக்கையறைக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி.

ஸ்ப்ளிட் ஏசியில் இரைச்சல் வெளியே போய்விட்டது. சூடும் வெளியே போய்விட்டது. யாருடைய வெளியே என்பதுதான் கேள்வி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய சந்தில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று அவுட்டோர் யூனிட். ஒன்று ஊதும் அனல் காற்றை இன்னொன்று உறிஞ்சுகிறது. அப்படி மூச்சுத் திணறும் கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும், சீக்கிரம் தேயும். மாநிலத்தின் உச்ச மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டதில், இப்படிப்பட்ட சந்துகளின் பங்கும் உண்டு.

கருவி நிஜமாகவே மேம்பட்டிருக்கிறது. 2010இல் ஏசிக்கு ஸ்டார் முத்திரை கட்டாயமானது. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இரண்டு மாத இபி பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். அதனால் அந்த 6 சதவீதம் வெறும் 6 சதவீதம் அல்ல.

ஆனால் பழுது பார்க்கும் வழி சுருங்கிவிட்டது. இன்வெர்ட்டர் ஏசியின் மூளை பிசிபி போர்டு. மின்னழுத்தம் எகிறினாலோ, அவுட்டோருக்குள் ஒரு பல்லி நுழைந்து செத்தாலோ போர்டு போய்விடும். புது போர்டின் விலையைச் சொல்லிவிட்டு, "இதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல புதுசே வாங்கிடலாம் சார்" என்பார்கள். ஏழு எட்டு வருஷ ஏசி 'பழசு' ஆவது இப்படித்தான்.

கேஸ் தீர்வதில்லை

இன்று எல்லாத் தெருவிலும் நடக்கும் உரையாடல் ஒன்று.

"அம்மா, கேஸ் கம்மியா இருக்கு. டாப்-அப் பண்ணிடலாமா?"

"போன கோடையிலதானேப்பா போட்டே?"

"ஒரு வருஷம் ஓடிச்சில்லம்மா, தீர்ந்துடும்."

தீராது. ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து போவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி, அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஃப்ளேர் நட் சரியாக இறுகாமல் இருக்கலாம்; சாக்கடை வாயு பட்டுச் செம்புக் குழாய் கறுத்து ஊசித்துளை விழுந்திருக்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் சோப்பு நுரை தடவி, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடுவார். அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக உறிஞ்சி எடுப்பார். கடைசியாக, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அளவுப்படி கேஸை எடை போட்டு ஏற்றுவார். இதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். பத்து நிமிஷத்தில் முடிந்தால் அடுத்த கோடையிலும் அதே செலவு காத்திருக்கிறது.

கேஸும் மாறிவிட்டது. பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் புதுக் கருவிகளில் அதைப் போடத் தடை. இப்போது பெரும்பாலும் வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனாலும் ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-22 என்றால் சுமார் 1,800 கிலோ. அது மட்டுமல்ல, ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. பழைய கேஸைவிட ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது. பழைய பழக்கத்தோடு இதைக் கையாள முடியாது. மெக்கானிக்குக்கு இதில் பயிற்சி உண்டா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

எப்போது மாற்றலாம்?

கெப்பாசிட்டர், மோட்டார், கசிவு என்றால் பழுது பார்ப்பதே சரி. கம்ப்ரஸரும் காயிலும் சேர்ந்து போயிருந்தால், அல்லது ஆர்-22 பெட்டி வருஷா வருஷம் கசிந்தால், மாற்றுவது நியாயம். மாற்றும்போது அளவைக் கூட்டி வாங்குவது பலர் செய்வது. அறைக்கு மிஞ்சிய டன், அறையைச் சட்டென்று சில்லிட வைத்துவிட்டு ஈரத்தை எடுக்காமல் நின்றுவிடும். சென்னைப் புழுக்கத்தில் அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மேல்மாடி ஃபிளாட்டில் இரண்டு டன் போட்டும் குளிரவில்லை என்றால், குற்றம் ஏசியில் இல்லை. தலைக்கு மேல் வெறும் காங்கிரீட் காய்கிறது. தட்டோடோ, சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ போட்டபின் அளவெடுங்கள். பல அறைகளுக்கு ஒரு டன்னே போதும்.

பழைய பெட்டியை எடைக்குப் போடும்போது, குழாயை வெட்டியதும் 'புஸ்' என்று கேஸ் போய்விடும். 2012 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளில் ஏசியும் அடக்கம். கேஸை உறிஞ்சி எடுத்த பிறகே கழற்றச் சொல்லுங்கள்.

ஏசியைப் போலவே ஹீட்டருக்கும் பராமரிப்பு வேண்டும்; ஆனால் ஹீட்டர் என்றால் நமக்குக் குளியலறையோடு சரி. கரி போட்டு எரித்த செப்பு பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்த வீடுகளில் இன்று கீசர் தொங்குகிறது. போர் தண்ணீரின் உப்பு அதன் காயிலில் படிந்து இறுகும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து உப்பைத் தட்டி, தேய்ந்த ஆனோடு ராடை மாற்றினால், டேங்க் ஓட்டையாவது பல வருஷம் தள்ளிப் போகும்.

மெக்கானிக் நிற்க ஓர் இடம்

ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு வரும் பையன்கள் ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை ஓடுகிறார்கள். மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க மறு கையால் ஸ்பேனர் திருப்புகிறார்கள். இடுப்பில் பெல்ட் கிடையாது. நாம் உள்ளே நின்று "பார்த்துப்பா" என்கிறோம். இதை நாம் ஏற்றுக்கொண்டிருப்பதே தவறு.

இதில் ஃபிளாட் அசோசியேஷன்கள் செய்யக்கூடியது நிறைய. பிப்ரவரியிலேயே எல்லா வீட்டுக்கும் சேர்த்து சர்வீஸுக்குச் சொன்னால் அவசரமும் இருக்காது, கட்டணமும் குறையும். மாடித் தளத்தைப் பொதுச் செலவில் பராமரித்தால் மேல்மாடிக்காரரின் பில் மட்டுமல்ல, சந்தில் கொட்டும் அனலும் குறையும். புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்திலேயே அவுட்டோர் யூனிட்டுக்குக் காற்றோட்டமான, கைப்பிடி வைத்த ஒரு தளத்தை ஒதுக்க வேண்டும். மெக்கானிக் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடியாத இடத்தில் ஏசி மாட்ட மாட்டோம் என்று ஒவ்வொரு அசோசியேஷனும் தீர்மானம் போடட்டும். எட்டாத இடத்தில் இருக்கும் கருவியை யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை. கழுவாத கருவிதான் சீக்கிரம் சாகிறது. அந்தப் பையனின் உயிரும் நம் பணமும் ஒரே தீர்மானத்தில் பிழைக்கும்.