தாயாரின் படமும் சில புள்ளிகளும்

சங்கரன்கோவிலில் இறைவனடி சேர்ந்த தாயார் ஒருவரின் முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சென்றிருந்தோம். வீட்டில் மாலையிட்டு வைத்திருந்த பெரிய படத்தை நெருங்கியதும் திகைத்தோம். கண்களும் இதழ்களும் கரைந்து, முகமே சிறுசிறு சதுரங்களாய்த் தெரிந்தது. "கைப்பேசியில் தெளிவாக இருந்ததே! ஸ்டூடியோக்காரர் கெடுத்துவிட்டார்" என்று மூத்த மகன் வருந்தினார். ஸ்டூடியோக்காரர்மீது குற்றமில்லை.

தறியோசை ஓயாத இவ்வூரில் இதனை விளக்குவது எளிது. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதைக் கொண்டே துணியின் நெருக்கத்தை நெசவாளர் அறிவர். டிஜிட்டல் படமும் புள்ளிகளால் நெய்யப்பட்டதே. அப்புள்ளியைப் பிக்சல் என்பர். 1957-இல் அமெரிக்கரான ரஸ்ஸல் கிர்ஷ் முதன்முதலாக ஒரு புகைப்படத்தைக் கணினியில் ஏற்றியபோது, அதில் அகலத்தில் 176, உயரத்தில் 176 புள்ளிகளே இருந்தன. அது அவருடைய மூன்று மாதக் குழந்தையின் படம். தந்தைக்கு வேறெந்தப் படம் தோன்றும்!

கையில் ஏந்திப் பார்க்கும் படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டுமென்பது அச்சுத்தொழிலின் பொது வழக்கம். தொலைவில் நின்று காணும் பிளெக்ஸ் தட்டிக்கு அத்தனை நெருக்கம் தேவையில்லை. 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட மூலப்படத்தை ஏறத்தாழ 13-க்கு 10 அங்குலம் வரை அச்சிடலாம். அதையே வாட்ஸப்பில் வழக்கம்போல் அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும்.

அத்தாயாருக்குத் தனிப்படமே இல்லை. நம் வீடுகளில் எத்தனை தாய்மார்க்கு இருக்கிறது? திருமணக் குழுப்படம் ஒன்று வாட்ஸப்பில் கைமாறி வந்திருந்தது. அதில் அவர் இருந்த பகுதியின் உயரம் 400 புள்ளிகள். அதனை இரண்டடிக்கு நீட்டியபோது, அங்குலத்திற்குப் பதினேழு புள்ளிகூடத் தேறவில்லை.

மென்பொருளில் 72 என்பதை 300 என்று மாற்றினால் சரியாகும் எனச் சிலர் நம்புகின்றனர். புள்ளிகள் கூடாதவரை அச்சாகும் அளவுதான் சிறுக்கும். கூட்டச் சொன்னாலோ, கணினி ஊகித்து நிரப்பும். இன்றைய செயற்கை நுண்ணறிவு அழகிய முகத்தையே வரைந்து தரும். அது தாயாரின் முகமாக இருக்க வேண்டுமே!

ஆகவே படம் எடுத்தவரிடம் மூலக்கோப்பையே கேளுங்கள். வாட்ஸப்பிலாயின் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய அச்சுப்படம் 2-க்கு 3 அங்குலமாயின், 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் 4-க்கு 6 அங்குலப் படம் கிடைக்கும்.

மூலப்படம் மணமகனின் சகோதரருடைய கைப்பேசியில் அழியாமல் இருந்தது. அதில் தாயாரின் பகுதி 1000 புள்ளி உயரம். மூன்றேகால் அங்குலத்தில் அச்சிட்டு நினைவு அட்டையில் சேர்த்தனர். அவருடைய நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிகிறது. பெரிய படத்தை மூத்த மகனே சுவரிலிருந்து கழற்றினார்.