ஆலிமுக்குப் பிறகும் ஏன் ஒரு படிப்பு?

ஏழெட்டு வருஷம் மத்ரஸாவில் ஓதி, ஆலிம் ஸனதும் வாங்கியாச்சு. அப்புறம் எதுக்கு இஃப்தாவுக்குன்னு தனியா ஒன்றிரண்டு வருஷம்? இந்தக் கேள்வி பலருக்கும் உண்டு. கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ஆலிம் படிப்பில் ஃபிக்ஹு சட்டங்களைக் கற்கிறோம். இஃப்தாவில் கற்பது, அந்தச் சட்டத்தை ஒரு குறிப்பிட்ட மனிதரின் பிரச்சினைக்குப் பொருத்துவது. இரண்டும் ஒன்றல்ல. ஹனஃபி நூல்களில் ஒரே மஸ்அலாவுக்கு இமாம் அபூஹனீஃபா ஒன்று சொல்லியிருப்பார், மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் வேறு சொல்லியிருப்பார்கள். எதன்படி ஃபத்வா கொடுப்பது? அதற்கென்று விதிகள் இருக்கின்றன. நீதி வழங்கும் விஷயங்களில் அபூயூசுஃபின் கருத்துக்கு முன்னுரிமை. ஏன்னா, அவர் காழியாக இருந்து வழக்குகளை நேரில் பார்த்தவர்.

இந்த விதிகளைத் தொகுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (மறைவு 1836). இந்த விதிகளைப் பற்றிய அவருடைய நூல் தேவ்பந்த் போன்ற இடங்களில் இன்றும் இஃப்தா மாணவர்களுக்குப் பாடம். எல்லா நூல்களையும் மனப்பாடம் செய்தவரும் ஓர் ஆசிரியரிடம் பழகாமல் ஃபத்வா எழுதக் கூடாது என்பதும், மக்களின் வழக்கத்தை அறியாதவர் முஃப்தியாக முடியாது என்பதும் அதில் வலியுறுத்தப்படுகின்றன. அதனால்தான் இந்தப் படிப்பில் 'தம்ரீன்' எனும் பயிற்சிக்கு அவ்வளவு இடம். மாணவர் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் எழுதணும், உஸ்தாத் திருத்துவார், மறுபடியும் எழுதணும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்னு ஓர் உதாரணத்தில் பாருங்க. கணவன் காணாமல் போய்விட்டான், உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை. மனைவி என்ன செய்வாள்? ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடு, அவன் வயதையொத்தவர்கள் இறந்துபோகும் காலம்வரை காத்திருக்க வேண்டும் என்பது. பல நூல்களில் அது அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும்வரை. இருபது வயதுப் பெண்ணுக்கு இது என்ன வாழ்க்கை? பிரிட்டிஷ் இந்தியாவில் விவாகரத்து வழங்க முஸ்லிம் காழியும் இல்லை. பஞ்சாபில் சில பெண்கள் திருமண பந்தத்திலிருந்து விடுபட மதத்தையே விட்டார்கள்.

மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி ஹனஃபி ஆலிம்தான். ஆனாலும் மதீனாவின் மாலிகி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் மத்ஹபின்படி வழிகாட்டினார். விசாரித்த பின் நான்கு வருடத் தவணை, அதன் பிறகு இத்தா, பிறகு மறுமணம் செய்யலாம். காழி இல்லாத ஊரில் முஸ்லிம்களின் ஜமாஅத்தே விசாரிக்கலாம். 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற பெயரில் இது வெளிவந்தது. 1939இல் வந்த முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் முதல் காரணமாக அந்த நான்கு வருடம் இடம்பெற்றது.

இன்னொரு மத்ஹபின் கருத்தை எடுப்பது யாருக்கும் எளிது, இணையத்தில் தேடினாலே கிடைச்சிடும். எந்தத் தேவைக்காக, எந்த நிபந்தனைகளோடு எடுக்கலாம், வசதிக்காக எடுத்தால் ஏன் கூடாது என்று தெரிவதற்குத்தான் இந்தப் படிப்பு. 'தெரியாது' என்று சொல்வதும் அதில் ஒரு பாடம். இமாம் மாலிக்கிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது பெரும்பாலானவற்றுக்கு அதையே சொன்னார் என்று ஓர் அறிவிப்பு உண்டு.

ஃபத்வா நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. அதற்குச் சட்ட வலு கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2014இல் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் தலாக், வாரிசுரிமை என்று வரும்போது ஒரு குடும்பமே அந்த ஒரு தாளை நம்பி முடிவெடுக்கிறது. ஆகவே, நல்ல முஃப்தி உடனே பதில் சொல்வதில்லை. 'சரியா என்ன வார்த்தை சொன்னாரு? எத்தனை தடவை? நீங்க ஷாஃபியா, ஹனஃபியா?' என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை ஒளிக்காமல் முழுசாச் சொல்லுங்கள். சொன்னதற்குத்தான் பதில் வரும்.