நெப்போலியன் ஏன் இத்தனை சின்ன வட்டம்?

ஒரு கதையில் வரும் எல்லோரையும் தாளில் புள்ளிகளாக வைத்து, யாரும் யாரும் சந்திக்கிறார்களோ அவர்களுக்கிடையே கோடு போட்டால் ஒரு வலைப்படம் கிடைக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் யூகோ 1862இல் வெளியிட்ட மிகப் பெரிய நாவலுக்கு அப்படி ஒரு படம் உண்டு. அந்த நாவல்தான் தமிழில் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’. 1950இல் அதே பெயரில் சினிமாவாகவும் வந்தது. அதில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் அவரை ‘ஜாவர்’ சீதாராமன் என்றுதான் சொல்கிறோம்.

நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, எதில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று பட்டியல் போட்டவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு குனூத். 1993இல் வெளியான அவருடைய ‘ஸ்டான்ஃபோர்டு கிராஃப்பேஸ்’ தொகுப்பில் அது இருக்கிறது. பைத்தான் மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் அந்தத் தரவும் கூடவே வந்துவிடும். 77 புள்ளிகள், 254 கோடுகள்.

வரை என்று கட்டளை கொடுத்ததும் 77 வட்டங்களும் ஒரே அளவில் வந்து நிற்கும். யார் முக்கியமானவர் என்று கண்ணுக்குத் தெரியாது. கதாநாயகன் ழான் வல்ழானுக்கு 36 பேரோடு தொடர்பு. தெருவில் திரியும் சிறுவன் கவ்ரோஷுக்கு 22 பேர். ஜாவருக்கு 17 பேர். ஐரோப்பாவையே நடுங்க வைத்த நெப்போலியனுக்கு ஒரே ஒருவர்! கதையில் அவர் மிரியேல் என்ற பாதிரியாரை மட்டும் சந்திக்கிறார், அவ்வளவுதான். இந்த எண்களை வட்டத்தின் அளவாக மாற்றினால் படம் பேச ஆரம்பிக்கும்.

மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். 36க்கு 36 செ.மீ. ஆரம், 1க்கு 1 செ.மீ. ஆரம் என்று போட்டால் சரியாக இருக்குமா? கிராஃப் தாளில் 1 செ.மீ. ஆரமுள்ள வட்டமும் 2 செ.மீ. ஆரமுள்ள வட்டமும் வரைந்து, உள்ளே எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று எண்ணிப் பாருங்கள். முதலாவதில் 3க்குச் சற்று மேல். இரண்டாவதில் 12க்கு மேல். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகிவிடுகிறது. வட்டத்தைப் பார்க்கும்போது நமக்குப் பெரிதாகப் படுவது உள்ளே நிரம்பியிருக்கும் வண்ணம், அதாவது பரப்பளவு. ஆரத்தை 36 மடங்காக்கினால் பரப்பளவு 36 × 36, அதாவது 1,296 மடங்காகும். வல்ழான் தாளையே அடைத்துக்கொள்வார். 36 மடங்கு என்ற உண்மை, 1,296 மடங்கு என்ற பொய்யாகிவிடும்.

ஆகவே எண்ணுக்கு ஏற்ப வளர வேண்டியது பரப்பளவு. 36இன் வர்க்கமூலம் 6 இல்லையா? வல்ழானின் ஆரம் நெப்போலியனின் ஆரத்தைப் போல 6 மடங்கு இருந்தால் போதும்.

நெட்வொர்க்எக்ஸை எழுதியவர்கள் இந்த வேலையை நமக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். அதில் ‘நோட் சைஸ்’ என்று கொடுக்கும் எண்ணே பரப்பளவுக்கான எண்தான்; நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் 300 என்று அதுவே வைத்துக்கொள்ளும். ஒவ்வொருவரின் தொடர்பு எண்ணிக்கையையும் 25ஆல் பெருக்கிக் கொடுங்கள். வல்ழானுக்கு 900, நெப்போலியனுக்கு 25. படத்தை அச்சிட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தால் வல்ழானின் விட்டம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், நெப்போலியனின் விட்டம் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. சில மென்பொருள்களில் ஆரத்தைத்தான் கேட்பார்கள். அங்கே வர்க்கமூலம் எடுத்த பிறகே எண்ணைக் கொடுக்க வேண்டும். எதைக் கேட்கிறது என்று முதலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. அளவுகளைப் பட்டியலாகக் கொடுக்கும்போது, புள்ளிகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் அளவுகளும் இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? இந்தத் தரவில் முதல் புள்ளி நெப்போலியன். வல்ழானின் 900 அவரிடம் போய்விடும்! கணினி ஒரு பிழைச் செய்தியும் காட்டாது. படம் அழகாகவே வரும், ஆனால் அத்தனையும் தப்பு. அதனால் படம் வந்ததும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அளவு சரியா என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வல்ழான் எடுத்து வளர்க்கும் சிறுமி கோசெத்துக்கு 11 பேரோடுதான் தொடர்பு. கவ்ரோஷுக்கோ 22 பேர். அப்படியானால் அவளுடைய வட்டத்தின் பரப்பளவு கவ்ரோஷின் வட்டத்தில் பாதிதான். ஆனால் குனூத்தின் பட்டியலில், ஒருவரை எத்தனை அத்தியாயங்களில் சந்தித்தார் என்ற கணக்கும் இருக்கிறது. கோசெத் வல்ழானோடு மட்டும் 31 அத்தியாயங்களில் வருகிறாள், மாரியுஸ் என்ற இளைஞனோடு 21. எல்லாவற்றையும் கூட்டினால் கோசெத்துக்கு 68, கவ்ரோஷுக்கு 56. இந்தக் கூட்டுத்தொகையை வைத்து வரைந்தால் கோசெத்தின் வட்டம் பெரிதாகிவிடுகிறது!

இரண்டில் எந்தப் படம் சரி? இரண்டும் சரி. ஒன்று ‘எத்தனை பேரைத் தெரியும்’ என்ற கேள்விக்குப் பதில். மற்றது ‘எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கிறார்கள்’ என்பதற்குப் பதில். கவ்ரோஷ் ஊர் முழுக்கப் பழகியவன். கோசெத்துக்குச் சிலர்தான், ஆனால் அவர்கள் நெருக்கமானவர்கள். கேள்வி எது என்று தெரியாமல் படத்தைப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். ஆகவே படத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வட்டமும் ஒரு பெரிய வட்டமும் போட்டு, அவை எந்த எண்ணைக் குறிக்கின்றன, எதை எண்ணினீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.