உடையவன் விட்டுப்போன ஓடம்

அபிராமபுரத்திலிருந்து மந்தைவெளிப் பக்கமாக நடந்தால் எதிர்ப்படுகிற பக்கிங்ஹாம் கால்வாயில், ஒரு காலத்தில் சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் வந்து நின்றன என்பதற்கு, மயிலாப்பூர்த் தண்ணீர்த்துறைச் சந்தையின் பெயரைத் தவிர இன்று அதிக சாட்சியம் இல்லை. பறக்கும் ரயிலின் தூண்களுக்கிடையே தேங்கிய கரிய நீரில் மிதப்பவை ஆகாயத்தாமரையும் தெர்மோகோல் துண்டுகளுமே. ஆயினும் சர்க்கார் ஏட்டில், 2008 முதல், பக்கிங்ஹாம் கால்வாய் தேசிய ஜலமார்க்கம் 4-இல் சேர்ந்தது.

பொது நீர்வழியில் ஒருவன் விட்டுப்போன படகைக் கண்டவன் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது, கேட்பாரற்றுக் கிடப்பதனால் மட்டும் உடைமை அழிந்துவிடுவதில்லை. 1908ஆம் வருஷத்து இந்தியத் துறைமுகச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, போக்குவரத்துக்கு இடையூறாகக் கலமொன்று துறைமுகத்தில் மூழ்கியோ தரைதட்டியோ கிடந்தால், அதிகாரி முதலில் உடையவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் அசட்டை செய்தால் தாமே அகற்றி, அந்தச் செலவையும் அதன்மேல் நூற்றுக்கு 20 வீதத்தையும் கேட்டு, அதுவும் வராவிடில் பகிரங்க ஏலத்தில் விற்று, மிச்சத்தை உரியவருக்கே தரலாம் என்றிருந்தது. குறைந்தால் குறைந்ததையும் அவரிடமே வசூலிக்க முடிந்தது. 2025இல் புதிய துறைமுகச் சட்டம் அதன் ஸ்தானத்துக்கு வந்தது. ஆறு, கால்வாய்களில் சிதைந்து கிடப்பவற்றைப் பொறுப்பேற்கும் அதிகாரியை மாநில அரசு நியமிக்க, 2021ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வழிசெய்கிறது.

பெரிய கப்பலென்றால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலில் நங்கூரம் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கிய 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் 6 பேர் மாண்டனர். அந்தத் துக்கம் ஆறுமுன்பே அதை வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. நவம்பர் நடுவுக்குள் அதை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள். 1966 நவம்பர்ப் புயலில் மெரீனாவருகே தரைதட்டிய கப்பலோ மணலுள் புதைந்து, நீராடுவோருக்கு நெடுங்காலம் அபாயமாயிருந்தது. இத்தகைய கப்பல்களை அகற்றும் செலவுக்காகவே, 2015இல் அமலுக்கு வந்த நைரோபி சர்வதேச உடன்படிக்கை, 300 டன்னும் அதற்கு மேலுமுள்ள கப்பல்கள் இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டுமென்கிறது.

சிறு மரப்படகு இக்கணக்கில் வராது. அந்தப் பழைய 14ஆம் பிரிவின் உயிர்நாடியான சொல் 'இடையூறு' என்பதே என் அபிப்பிராயம். கால்வாய்க்கும் அதே அளவுகோலை வைத்தால், படகே ஓடாத இடத்தில் பழைய ஓடமொன்று யார் வழியை மறிக்கும்? மழைக்கு முன் தூர்வார வரும் இயந்திரத்தின் வாளியில் ஒரு மக்கிய பலகை சேற்றோடு வந்தால், யார் பெயருக்கும் நோட்டீஸ் எழுதப்படாமல் அது லாரியில் ஏறிவிடும்.