தட்டைத் திரைத் தொலைக்காட்சி: எதை வாங்குவது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலப் பெட்டிகள் கனத்த கண்ணாடிக் குழாயைக் கொண்டவை. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளும் அவ்வகையே. இன்று குழாய் மறைந்து, சுவரில் மாட்டும் தட்டைத் திரை வந்துவிட்டது. பல குடும்பங்கள் இதைத் தவணைக் கடனில் வாங்குகின்றன. அப்பணம் வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

திரையின் உள்ளே

கடைகளில் 'எல்.இ.டி. டி.வி.' என விற்பவற்றில் படத்தை உருவாக்குவது திரவப் படிகமே. எல்.இ.டி. என்பது அதன் பின்னாலுள்ள விளக்கு மட்டும். அவ்விளக்கின் ஒளி முதலில் ஒரு தளவிளைவுத் தகட்டின் வழியே வருகிறது. இத்தகடு ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் செல்லவிடும். அடுத்துள்ள திரவப் படிகம், மின்னழுத்தத்திற்கேற்ப அந்த அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறது. எவ்வளவு திருப்புகிறதோ, அதற்கேற்ப இரண்டாவது தகடு ஒளியை விடும் அல்லது தடுக்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வண்ணம் தருகின்றன.

'ஓ.எல்.இ.டி.' வகையில் பின்விளக்கு இல்லை; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். ஆகவே கருமை முழுக் கருமையாக இருக்கும். ஆனால் விலை அதிகம். அலைவரிசையின் சின்னம் போன்ற அசையாத உருவம் பல மணி நேரம் நாள்தோறும் நின்றால், அதன் தடம் திரையில் பதியவும் கூடும்.

கண்ணின் வரம்பு

'4கே' என்றால் கிடைமட்டத்தில் 3840 புள்ளிகள், 'ஃபுல் எச்.டி.' என்றால் 1920. இரண்டையும் நம் கண் பிரித்தறியுமா?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். 8 அடி தொலைவில் இது சுமார் 0.7 மில்லிமீட்டர். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். இதை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.5 மில்லிமீட்டர். அதாவது 8 அடியில் அமர்ந்தவருக்கு ஃபுல் எச்.டி. புள்ளிகளே தனித்துத் தெரியா. 4கே-யின் நுணுக்கத்தை அவர் பெரும்பாலும் உணரமாட்டார். ஐந்தரை அடிக்கும் நெருங்கி அமர்ந்தால்தான் வேறுபாடு புலப்படத் தொடங்கும். விலை ஒன்றாயின் 4கே வாங்கலாம். அதற்கெனப் பல ஆயிரம் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. மேலும், சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசைகள் 576 கோடுகளே கொண்டவை. அனுப்பப்படாத நுணுக்கத்தை எந்தத் திரையும் உண்டாக்க இயலாது.

உப்புக் காற்று

செங்கல்பட்டு நகரில் இத்துடன் கணக்கு முடிந்துவிடும். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. கடற்கரைக் கோயிலின் கருங்கல் சிற்பங்களையே மழுங்கச் செய்த காற்று, மின்சுற்றை விட்டுவிடுமா?

காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே புகுந்து மின்சுற்றுப் பலகையில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை ஈர்த்துக் கரைசலாகிறது. மழைக்காலத்தில் உப்புச் சாடியில் நீர் கசிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். மெல்லிய செம்புப் பாதைகளை அரிக்கும்.

எனவே கடலை நோக்கிய சன்னலுக்கு நேர் எதிரே பெட்டியை வைக்காதீர்கள். திரையில் வெளிச்சம் பிரதிபலிக்கும் தொல்லையும் இதனால் குறையும். ஓடும் பெட்டியின் வெப்பம் உட்புற ஈரப்பதத்தைத் தணிக்கும். ஆகவே மாதக்கணக்கில் அணைத்தே வைக்க வேண்டாம். திரையில் நீரைத் தெளிக்காமல், உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். இடி மின்னலின்போது மின்செருகியையும் கேபிள் கம்பியையும் கழற்றிவிடுங்கள். துருவும் உப்பரிப்பும் உத்தரவாதத்தில் அடங்குமா என்பதை, பணம் கட்டும் முன்பே அட்டையில் படித்துப் பாருங்கள்.

மின்செலவையும் கணக்கிடுங்கள். 60 வாட் பெட்டி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் மாதம் 9 யூனிட். 120 வாட் எனில் 18 யூனிட்.

கடைக்குப் போகுமுன் நாற்காலிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையின் பளிச்சிடும் படத்தைவிட அந்த ஓர் எண் உங்களுக்குச் சரியான வழி காட்டும்.