நாளிதழும் வரலாறு பேசும்

"பாரதியார் எப்படி இறந்தார்?" என்று கேட்டால், நம்மில் பலர், "யானை தாக்கி இறந்தார்" என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். இது சரிதானா? பழைய நாளிதழ் ஒன்று இதற்கு விடை தருகிறது.

சென்னைத் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியாரைத் தள்ளி வீழ்த்தியது உண்மையே. ஆனால் அவர் தேறி எழுந்து, 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் மீண்டும் பணியாற்றினார். 1921-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், நம் சேலத்திற்கு அருகிலுள்ள ஈரோட்டிற்கு வந்து, கருங்கல்பாளையம் வாசகசாலையில் சொற்பொழிவாற்றினார். அப்பயணத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை, ஆகஸ்டு மாதத்துச் 'சுதேசமித்திரன்' இதழில் வெளிவந்தது. செப்டம்பரில்தான், வயிற்று நோயால் அவர் மறைந்தார். வாய்வழியாக வளர்ந்த கதையைத் தேதியிட்ட ஒரு தாள் திருத்திவிடுகிறது அல்லவா?

நினைவு மங்கும், நாளிதழோ அன்றன்றே எழுதப்படுவது. ஆராய்ச்சியாளர் அதை நாடுவது இதனால்தான். செய்தி மட்டுமன்று, விளம்பரமும் விலைப்பட்டியலும்கூட அக்கால வாழ்வைக் காட்டும்.

எனினும் அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நாம் நம்பிவிடலாகாது. அவசரத்தில் எழுதும்போது பெயரும் எண்ணும் பிழைபடலாம். ஆகவே ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் ஒப்பிட வேண்டும். செய்தி எது, ஆசிரியர் கருத்து எது என்று பிரித்தறிய வேண்டும். 'நேற்று' என்று இருந்தால் தாளின் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். குறிப்பெடுக்கும்போது நாளிதழின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் எழுத வேண்டும். தேதியில்லாத துண்டுத்தாள் முகவரியில்லாத கடிதம் போன்றது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர், பிறர் வேண்டாமென்று கழித்த பழைய நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்த்தார். அச்சேமிப்பே இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

வெள்ளக்கடை போன்ற நம் மலையூர்களைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சாலை வசதி, காப்பி விலை, பெருமழைச் சேதம் ஆகியவை நாளிதழின் ஒரு மூலையில் நான்கு வரிகளாக வரும். மறுவாரம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அவ்வரிகளை வெட்டி, தேதியெழுதி, மலையின் ஈரம் படாத பெட்டியில் வைப்போம். நம் ஊரின் வரலாற்றை நாம் காக்காவிட்டால், வேறு யார் காப்பார்?