பாதரசத்தை ஏன் பெருக்கக் கூடாது?

போன மாதம் நம்ம ஆய்வகத்தில் பழைய தெர்மாமீட்டர் ஒன்று உடைந்தது ஞாபகம் இருக்கா? பாதரசம் வெள்ளி மணி மாதிரி தரையெல்லாம் உருண்டது. நான் விளக்குமாறு எடுக்க ஓடினேன். "பெருக்காதே! எல்லாரும் வெளியே போங்க" என்று டீச்சர் சத்தம் போட்டார்.

வராண்டாவில் தள்ளி நின்று பார்த்தோம். டீச்சர் ஜன்னலை எல்லாம் திறந்தார். மோதிரத்தைக் கழற்றினார் (பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடுமாம்). கையுறை போட்டு, ரெண்டு அட்டையால் மணிகளைத் தள்ளிச் சேர்த்து, இங்க் பில்லரால் உறிஞ்சி, கெட்டியான பாட்டிலில் விட்டார். மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடினார். தரை வெடிப்பில் கந்தகத் தூள் தூவினார். கண்ணாடித் துண்டு, அட்டை, கையுறை எல்லாம் தனி டப்பாவில் போனது.

காரணத்தை நாலு நாள் கழித்து வகுப்பில் சொன்னார். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே மெதுவாக ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம், வாசனை எதுவும் கிடையாது. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெருக்கினால் ஒரு மணி நூறாக உடையும், ஆவியும் கூடும். சிங்க்கில் ஊற்றவே கூடாது. நம்ம சிங்க் தண்ணீர் பின்னாடி வாழைக்குத்தானே போகுது!

வெறும் கண்ணாடியைக்கூடக் குப்பையில் போடக் கூடாதா என்று கேட்டேன். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001இல் தெரியவந்து, ஆலையையே மூடினார்களாம். 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்கா போனது.

எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஏன்னா, அன்றைக்கு வெளியே வரும்போது ஒரு மணியைக் காகிதத்தில் அள்ளி ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்திருந்தேன். வீட்டில் தம்பி அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடினான். மறுநாள் காலையிலேயே டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். பாக்ஸும் டப்பாவுக்குள் போய்விட்டது. "பாதரசக் கழிவு, திறக்காதீர்" என்று தேதியோடு லேபிள் எழுதியது நான்தான். பாட்டில், டப்பா ரெண்டும் பூட்டிய பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

என்னைப் போல இன்னும் ரெண்டு பேர் எடுத்ததைப் பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன். மூடிய டப்பாவில் வைத்து டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். என்னை அவர் திட்டவே இல்லை.